மூத்தது மோழையா? பிறந்த வரிசை எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை

"மூத்தது மோழை, இளையது காளை" என்பது பழமொழி. மூத்தது மந்தம், இளையது துடிப்பு என்று பொருள். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கைப்பேசிகளில் சுற்றும் செய்திகள் சொல்வது வேறு. தலைச்சன் பிள்ளைகளுக்கே அறிவு அதிகம் என்கிறது ஒன்று. பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறது இன்னொன்று. நடுவில் பிறந்தவர்களே நேர்மையானவர்கள் என்று மூன்றாவதும் வருகிறது. மூன்றும் புரளி அல்ல. முறையே 2007, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் அவற்றின் பின்னால் இருக்கின்றன. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றக் காரணம், ஒவ்வொன்றும் அளந்த பொருள் வேறு, அளந்த ஊரும் வேறு. திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு இவற்றைப் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நார்வேயில் எடுத்த அளவு முக்கூடலுக்குப் பொருந்துமா?

முதலில், எந்த வரிசை?

"மூணாவது பிள்ளை" என்று சாதாரணமாகச் சொல்லும்போது நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்து வைத்துக்கொண்டால்தான் மேலே போக முடியும்.

1. பேறு வரிசை. தாய்க்கு இது எத்தனையாவது பிரசவம் என்பது. பிறந்து இறந்த குழந்தையும் இதில் கணக்கு.
2. வளர்ப்பு வரிசை. வீட்டில் உயிரோடு வளர்ந்தவர்களில் எத்தனையாவது என்பது. தலைச்சன் தவறிப்போனால் இடைச்சன்தான் மூத்தவனாக வளர்கிறான்.
3. உடன்பிறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை. இரண்டு பிள்ளை வீட்டின் இரண்டாவதும், ஆறு பிள்ளை வீட்டின் இரண்டாவதும் ஒரே நிலைமையில் இல்லை.
4. இடைவெளி. ஒன்றரை வருட வித்தியாசத்தில் பிறந்த தம்பியும், எட்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பியும் ஒரே வகை அல்ல. எட்டு வருட இடைவெளியில் வந்தவன் பாதி ஒற்றைப் பிள்ளையாகவே வளர்கிறான்.

நம் ஊரில் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: ஆணா, பெண்ணா. "ஐந்தாவது பெண் கெஞ்சினாலும் கிடைக்காது", "எட்டாவது பெண் எட்டிப் பார்த்த இடம் குட்டிச்சுவர்" என்று வரிசை எண்ணையும் பாலையும் சேர்த்தே ராசி பார்த்த சமூகம் இது. அந்த ராசிக் கணக்கில் உண்மை எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பிய வீடு அந்த ஐந்தாவது பெண்ணையும் எட்டாவது பெண்ணையும் ஒரே மாதிரி வளர்த்திருக்காது.

நூறு வீட்டுக் கணக்கு: ஆய்வுகள் சறுக்கும் இடம்

1874-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன், பேர்பெற்ற விஞ்ஞானிகளில் தலைச்சன் மகன்களும் ஒற்றை மகன்களும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருப்பதாக எழுதினார். அதிலிருந்து சுமார் நூறு ஆண்டுகளுக்கு, "சாதித்தவர்களில் இத்தனை பேர் மூத்தவர்கள்" என்ற பட்டியல்கள் ஓயவில்லை. இன்றும் நீட் தேர்வில் தேறியவர்களை வரிசையாக நிறுத்தி, "பாதிக்கு மேல் வீட்டுக்கு மூத்த பிள்ளைகள்" என்று சொன்னால் கேட்பவர் வாயைப் பிளப்பார். இதில் வியக்க ஒன்றும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 40 வீட்டில் ஒரு பிள்ளை, 40 வீட்டில் இரண்டு, 15 வீட்டில் மூன்று, 5 வீட்டில் நான்கு. மொத்தப் பிள்ளைகள் 40 + 80 + 45 + 20, அதாவது 185. இவர்களில் தலைச்சன் எத்தனை பேர்? வீட்டுக்கு ஒருவராக 100 பேர். 185-க்கு 100 என்றால் 54 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு யாரைத் தொட்டாலும் பாதிக்கு மேல் தலைச்சன்தான் அகப்படுவான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட மாநிலத்தில் எந்தப் பட்டியலை எடுத்தாலும் மூத்தவர்கள் மலிந்துதான் இருப்பார்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு இன்னொன்று. ஐந்தாவது பிள்ளை, ஐந்து பிள்ளை பெற்ற வீட்டில் மட்டுமே இருக்க முடியும். தலைச்சனோ எல்லா வீட்டிலும் இருக்கிறான். ஆகவே, "எல்லாத் தலைச்சன்களையும் எல்லா ஐந்தாம் பிள்ளைகளையும் ஒப்பிட்டோம்" என்று ஓர் ஆய்வு சொன்னால், அது பாளையங்கோட்டை பெருமாள்புரத்து ஒற்றைப் பிள்ளை வீட்டையும் களக்காட்டுப் பக்கத்து ஐந்து பிள்ளை வீட்டையும் ஒப்பிட்டதாகத்தான் முடியும். அந்த வித்தியாசம் வருமானம், தாயின் படிப்பு, வீட்டின் இடம் ஆகியவற்றின் வித்தியாசம். பிறந்த வரிசை மேல் பழி விழுகிறது, அவ்வளவுதான். 1983-இல் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட், ஆங்க்ஸ்ட் என்ற இருவர் 1946 முதல் 1980 வரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இந்த ஓட்டையில் விழுந்திருந்தன.

மூன்றாவது ஓட்டை வயது. பத்து வயது அண்ணன் பொறுப்பாக இருக்கிறான், ஐந்து வயதுத் தம்பி சேட்டை செய்கிறான் என்றால் அது வரிசையின் விளைவு அல்ல. பத்து வயதுக்கும் ஐந்து வயதுக்கும் உள்ள வித்தியாசம் அது. தம்பிக்குப் பத்து வயது ஆகும்போது அளந்தால்தான் ஒப்பீடு. வீட்டில் இருப்பவர்களால் இதைச் செய்யவே முடியாது. தம்பிக்குப் பத்து ஆகும்போது அண்ணன் பதினைந்தில் நிற்பான்.

ஆக, பிறந்த வரிசை பற்றி ஒரு செய்தி வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ஒரே வீட்டுப் பிள்ளைகளை, ஒரே வயதில் அளந்தார்களா? அல்லது குறைந்தபட்சம், ஒரே அளவுள்ள குடும்பங்களுக்குள் ஒப்பிட்டார்களா?

அறிவுத்திறன்: வித்தியாசம் உண்டு, ஆனால் சின்னது

இந்த வடிகட்டலைத் தாண்டியும் உறுதியாக நிற்கும் முடிவு அறிவுத்திறன் தேர்வு பற்றியது. 1973-இல் பெல்மாண்ட், மரோலா இருவரும் நெதர்லாந்தில் ராணுவச் சோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்கள் 3 லட்சத்து 86 ஆயிரம் பேரின் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். ஒரே அளவுள்ள குடும்பங்களுக்குள்ளும் வரிசை கீழே போகப் போக மதிப்பெண் படிப்படியாகக் குறைந்தது. 2007-இல் நார்வேயின் கிறிஸ்டென்சன், பியெர்கெடால் இருவரும் சுமார் 2.4 லட்சம் ராணுவச் சேர்க்கையாளர்களிடம் இதையே கண்டார்கள். மூத்தவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஐக்யூ அளவில் சுமார் 2 முதல் 3 புள்ளி. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்டோரை வைத்து ரோரர் குழு செய்த ஆய்வில் இது சுமார் 1.5 புள்ளி. அதே ஆண்டில் 3.77 லட்சம் அமெரிக்கப் பள்ளி மாணவர்களை வைத்து வந்த ஆய்வில் சுமார் 1 புள்ளி.

1.5 புள்ளி என்றால் எவ்வளவு? ஐக்யூ அளவுகோலின் சராசரி 100, பரவல் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பொதுவாக விலகி நிற்கும் அளவு) 15. எனவே 1.5 என்பது பரவலில் பத்தில் ஒரு பங்கு. 600 மதிப்பெண் தேர்வில் ஒரு பள்ளியின் மதிப்பெண் பரவல் 80 என்று வைத்தால், இது 8 மதிப்பெண்ணுக்குச் சமம். அண்ணன்–தம்பி ஜோடிகள் நூறை எடுத்துக்கொண்டு, உடன்பிறந்தவர்களின் மதிப்பெண்கள் ஓரளவு ஒத்துப்போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 54 ஜோடிகளில் மூத்தவர் முந்துவார், 46 ஜோடிகளில் இளையவர் முந்துவார். லட்சம் பேரை அளக்கும் ஆய்வாளருக்கு இது தெளிவாகத் தெரியும். ஒரு வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்து யாருக்கும் தெரியாது. "மூத்தவன் டாக்டருக்குப் படிக்கட்டும், சின்னவனுக்கு ஐ.டி.ஐ. போதும்" என்று முடிவெடுக்க இந்த எண் பயன்படவே படாது.

கருப்பையிலா, கூடத்திலா?

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அடுத்தடுத்த கருவுறுதல்களில் தாயின் உடல் மாறுவதால் என்பது ஒரு கருத்து. வீட்டுக்குள் நடப்பதால் என்பது இன்னொன்று. மேலே பிரித்து வைத்த பேறு வரிசையும் வளர்ப்பு வரிசையும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

நார்வே ஆய்வின் உண்மையான சாமர்த்தியம் இதில் இருக்கிறது. மூத்த குழந்தை ஒரு வயதுக்குள் இறந்துபோன வீடுகளை அவர்கள் தனியே எடுத்தார்கள். அங்கே இரண்டாவதாகப் பிறந்தவன் பேறு வரிசையில் இரண்டு, வளர்ப்பு வரிசையில் ஒன்று. அவனுடைய மதிப்பெண் யாருடையதை ஒத்திருந்தது? மற்ற வீட்டுத் தலைச்சன்களுடையதை. காரணம் கருப்பை என்றால் அவன் இரண்டாவது பிள்ளைகளோடு நின்றிருக்க வேண்டும். பின்னர் ஸ்வீடனில் தத்துப்பிள்ளைகள் மட்டுமே உள்ள வீடுகளைப் பார்த்தபோதும், அவர்கள் படித்த அளவில் அதே மாதிரிச் சரிவு தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் ஒரே வயிற்றில் பிறந்தவர்களே அல்ல.

உடம்பு சம்பந்தமான வரிசை விளைவுகள் வேறு உண்டு. தலைச்சன் குழந்தையின் பிறப்பு எடை பொதுவாகச் சற்றுக் குறைவு. மூத்தவர்கள் நிறைய உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று 1989-இல் பிரிட்டனின் ஸ்டிராச்சன் காட்டினார். அண்ணன்மார் பள்ளியிலிருந்து கொண்டுவரும் சளியெல்லாம் சின்ன வயதிலேயே வந்து போய்விடுவது காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. இதற்கும் படிப்புக்கும் தொடர்பில்லை.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது

1. பிரிக்கப்படாத நேரம். பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒரு குழந்தையோடு நாளுக்கு 2 மணி நேரம் பேசி விளையாடுகிறார்கள், அடுத்த குழந்தை மூன்று வருடம் கழித்துப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்தது பங்கு போடாமல் பெறும் நேரம் 3 × 365 × 2, அதாவது 2,190 மணி. இளையதுக்கு அப்படி ஒரு மணி நேரம்கூட இயல்பாக அமையாது. அமெரிக்கக் குடும்பங்களின் நேரக் குறிப்புகளை வைத்து 2008-இல் ஜோசப் பிரைஸ் கணக்கிட்டபோது, அதே வயதில் இருக்கும் இரண்டாவது பிள்ளையைவிட முதல் பிள்ளை நாளொன்றுக்கு 20 முதல் 30 நிமிடம் அதிகமாகப் பெற்றோரின் தரமான நேரத்தைப் பெறுவது தெரிந்தது. இதில் நுட்பம் என்னவென்றால், பெற்றோர் இரு பிள்ளைகளுக்கும் அந்தந்த நாளில் சமமாகவே நேரம் கொடுக்கிறார்கள். பாரபட்சம் இல்லை. ஆனால் பிள்ளைகள் வளர வளர மொத்த நேரமே குறைகிறது. அதனால் மூத்தவன் நான்கு வயதில் பெற்றதை, இளையவன் தன் நான்கு வயதில் பெறுவதில்லை. "நான் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பாக்கேன்" என்று தாய் சொல்வது முழு உண்மை. வித்தியாசம் வருவதும் உண்மை.

2. வீட்டின் சராசரிப் பேச்சு. 1975-இல் சயான்ஸ், மார்க்கஸ் இருவரும் சொன்ன விளக்கம் இது. வீட்டில் உள்ள எல்லோருடைய அறிவு நிலையின் சராசரிதான் குழந்தை வளரும் சூழல் என்றார்கள். பெரியவர் ஒருவருக்கு 30, பிறந்த குழந்தைக்கு 0 என்று வையுங்கள். தலைச்சன் பிறந்த வீடு (30+30+0) ÷ 3, அதாவது 20. அவனுக்கு அறிவு நிலை 4 ஆகும்போது தம்பி பிறந்தால் (30+30+4+0) ÷ 4, அதாவது 16. இதே வீட்டில் ஆச்சியும் இருந்தால்? 94 ÷ 5, அதாவது 18.8. பெரியவர் ஒருவர் கூடுதலாக இருந்தாலே சரிவு பாதிக்கு மேல் மீண்டுவிடுகிறது. எண்கள் கற்பனைதான், அந்தக் கோட்பாட்டின் கணிப்புகள் பல பின்னாளில் தவறிப்போயின. ஆனாலும் தாய்வழி ஆச்சியோ தந்தைவழி ஆச்சியோ கூடவே இருக்கும் வீட்டைப் பற்றி யோசிக்க இது உதவும். நெல்லைப் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்று முதல் ஐந்து மாதம் குழந்தை ஆச்சி, தாத்தா, சித்தி, மாமா கைகளில் மாறி மாறி வளரும். மூன்றாவது பேற்றுக்கு அந்தக் கூட்டம் கூடுவதில்லை.

3. சொல்லிக்கொடுப்பது. அண்ணன் தம்பிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அதிகம் கற்பது அண்ணன். கடைக்குட்டிக்கும் ஒற்றைப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது.

4. கண்டிப்பின் அளவு. மூத்தவனின் மதிப்பெண் குறைந்தால் வீடு இரண்டாகும். மூன்றாவது பிள்ளை விஷயத்தில் பெற்றோர் களைத்துவிடுகிறார்கள். மூத்தவனிடம் கண்டிப்பாக இருந்தால் அதைப் பார்த்துச் சின்னதுகளும் ஒழுங்காக இருக்கும் என்ற கணக்கும் உள்ளே ஓடுகிறது. அமெரிக்கத் தரவுகளில் மூத்த பிள்ளைகளுக்குப் படிப்பு விஷயத்தில் விதிகள் கடுமையாக இருப்பது தெரிந்தது.

இடைவெளி பற்றி ஒரு வியப்பான முடிவு. இடைவெளி கூடினால் இளையவனுக்கு நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2012-இல் அமெரிக்கத் தரவுகளில் பார்த்தபோது, இடைவெளி கூடியதும் உயர்ந்தது மூத்தவனின் மதிப்பெண். இளையவனுக்கு மாற்றம் தெரியவில்லை. பிரிக்கப்படாத காலம் நீண்டது மூத்தவனுக்குத்தானே.

பீடித்தட்டு இருக்கும் வீட்டில் கணக்கு தலைகீழ்

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் பள்ளிப்படிப்பு அரசு செலவில் நடக்கும், பிள்ளைகள் சம்பாதிக்கத் தேவையில்லாத நாடுகளுடையவை. வீட்டில் பணம் முட்டும்போது என்ன ஆகும்?

ஈக்வடாரில் 2014-இல் வந்த ஆய்வில் வரிசை தலைகீழாக இருந்தது. மூத்த பிள்ளைகள் குறைவாகப் படித்தார்கள், இளையவர்கள் கூடுதலாகப் படித்தார்கள். பிரேசிலில் தலைச்சன்களே குழந்தைத் தொழிலாளர்களாகப் போகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நேபாளத்தில் வீட்டு வேலையின் பெரும் பங்கு மூத்த பெண்பிள்ளைகள் மேல் விழுந்தது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் ஏழை வீடுகளில் இளையவருக்குச் சாதகம், வசதியான வீடுகளில் மூத்தவருக்குச் சாதகம் என்று ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு சரிவுகள் தெரிந்தன.

இதைப் புரிந்துகொள்ள ஈக்வடார் வரை போக வேண்டியதில்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் வீடு ஒன்றின் மாலை நேரத்தைப் பார்த்தால் போதும். இலையை நனைத்து வைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடிக்க வேண்டும். வெட்டுவதும் சுற்றுவதும் தேர்ந்த கை. முனை மடிப்பது சின்னக் கை. ஆயிரம் பீடிக்கு ஒருவர் நாள் முழுக்க உட்கார வேண்டும். கூலி ஆயிரக் கணக்கில்தான். வீட்டில் முதலில் விரல் வளைந்து வேலைக்கு ஆகும் பிள்ளை யார்? மூத்த பெண். ஆறு வயதுத் தம்பியால் முனையைச் சரியாக மடிக்க முடியாது, அதனால் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். அவன் மடிக்கத் தேறும் வயது வரும்போது அக்கா தனியாக ஆயிரம் சுற்றுகிறாள். அந்தக் காசில் அவனுக்கு டியூஷன் வைக்க முடிகிறது. அக்காளுக்கு எட்டாம் வகுப்போடு நின்றது, தம்பி பாலிடெக்னிக் முடித்தான். ஐக்யூ இதற்குள் எங்கும் வரவில்லை.

ஆண்பிள்ளையில் இதே கணக்கு வேறு ரூபம். கார், பிசானம் என்று இரண்டு போகம் பார்த்த வயலில் அப்பாவுக்குக் கைத்துணையாக நின்றவன் மூத்தவன். தண்ணீர் பொய்த்த வருடம் சென்னை மளிகைக் கடைக்கு ரயில் ஏறியவனும் அவனே. அண்ணனைக் குறிக்கும் 'அண்ணாச்சி' என்ற நெல்லைச் சொல் தமிழ்நாடு முழுக்கப் பலசரக்குக் கடைக்காரருக்கான அழைப்பாக மாறியிருப்பது தற்செயலா என்று தெரியாது. பொருத்தம் என்னவோ கச்சிதம்.

"மூத்தது மோழை" என்ற பழமொழியை இப்போது திரும்பப் படித்தால் வேறு மாதிரி கேட்கிறது. மூத்தவன் மந்தம் என்று அது சொன்னாலும், பலமுறை அதற்குப் பின்னால் இருந்தது படிப்பை விட்டு நின்றவனின் நிலைமை. ஒரே வரிசை எண் ஆஸ்லோவில் ஏற்றமாகவும் ஆலங்குளத்தில் இறக்கமாகவும் வேலை செய்கிறது என்றால், எண்ணுக்குத் தனியாக ஒரு சக்தியும் இல்லை. வீட்டில் இருக்கும் நேரமும் சோறும் காசும் வேலையும் எந்தப் பிள்ளை பக்கம் எப்போது சாய்ந்தன என்பதன் அடையாளக்குறி அது.

பீடித்தொழில் சுருங்கி, இரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் பெருகும்போது நெல்லையிலும் கணக்கு நார்வே பக்கம் சாயும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே தெருவில் இரண்டு வகையும் சில காலம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

உயரத்திலும் தெரியும் வரிசை

இந்தியாவுக்கென்றே ஒரு முக்கியமான முடிவு உண்டு. இந்தியக் குழந்தைகள், அவர்களைவிட ஏழை நாடுகளான ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைவிடக் குள்ளமாக இருப்பது நெடுநாள் புதிர். 2017-இல் சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் 1.68 லட்சம் குழந்தைகளின் உயரத்தை வைத்து ஒரு விடை சொன்னார்கள். தலைச்சன் குழந்தைகளில் இந்தியா பின்தங்கவில்லை. இரண்டாவது குழந்தையில் பின்னடைவு தொடங்குகிறது, மூன்றாவதில் கூடுகிறது. மூத்த மகன் மேல் உள்ள பிடிப்பே இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். கருவுற்றிருக்கும்போது மருத்துவச் சோதனைக்குப் போவதும் இரும்புச்சத்து மாத்திரை எடுப்பதும்கூடப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குக் குறைகின்றன.

இது சரிசெய்யக்கூடிய இடம். இரண்டாவது, மூன்றாவது பேற்றில் "எல்லாம் தெரிஞ்சதுதானே" என்ற அலட்சியம் வரும். மாத்திரை மட்டும் 180 நாள் முழுக்கப் போக வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். மலம் கறுப்பதும் வயிற்றைப் புரட்டுவதும்தான் பாதியில் நிறுத்தக் காரணம். சாப்பிட்டபின் போட்டால் புரட்டல் குறையும், டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாக ஏறாது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குணம்: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

தலைச்சன் பொறுப்பாளி, நடுவன் சமாதானக்காரன், கடைக்குட்டி செல்லம். இந்தப் படத்தை வரைந்தவர் வியன்னாவின் உளவியலாளர் ஆல்பிரட் அட்லர். தம்பி பிறந்ததும் மூத்தவன் அரியணை இழக்கிறான், அந்தக் காயம் அவனை ஆளாக்குகிறது என்றார். அட்லரே வீட்டுக்கு இரண்டாவது பிள்ளை என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1996-இல் பிராங்க் சல்லோவே இன்னும் ஒரு படி போய், மூத்தவர்கள் இருப்பதைக் காப்பவர்கள், பின்னால் பிறந்தவர்கள் கலகக்காரர்கள் என்று வரலாற்றையே வகுத்தார்.

பழைய திருநெல்வேலிச் சீமை இதற்கு ஒத்துழைப்பதாக இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் அண்ணன், ஊமைத்துரை தம்பி. அண்ணன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறினார். தம்பி 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார். இருவருமே கலகம். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. மூத்த மகன், எட்டயபுரத்துப் பாரதியும் மூத்த மகன். இவர்களைவிடக் கலகக்காரர்களை எங்கே தேடுவது? நாலு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் வாதிடுபவர்கள் காட்டுவதும் இப்படிப் பொறுக்கிய பெயர்களைத்தான் என்பதற்காகவே இந்த நாலு பெயர்.

முறையாக அளந்தபோது கிடைத்தவை:

1. 2015 ஆய்வுகள் இரண்டிலும், கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றில் வரிசையின் விளைவு ஏறக்குறையப் பூஜ்யம். "நான் சட்டென்று புரிந்துகொள்பவன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் மட்டும் மூத்தவர்கள் கொஞ்சம் மேலே. இந்தோனேசியாவில் செய்தபோதும் கிட்டத்தட்ட அதே வெறுமை.

2. 2024 இறுதியில் ஆஷ்டன், லீ இருவரும் 7 லட்சம் பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், நடுவில் பிறந்தவர்களும் கடைசியில் பிறந்தவர்களும் நேர்மை–பணிவு, இணக்கம் இரண்டிலும் சற்று மேலே இருந்தார்கள். ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி பெரிய குடும்பத்தில் வளர்ந்ததால் வருவது. ஒரு தட்டுச் சோற்றை நாலாகப் பிரித்தவனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியும். செய்திகள் இதை "நடுப்பிள்ளை நல்லவன்" என்று சுருக்கிவிட்டன.

3. எதிர்க்குரலும் உண்டு. ஸ்வீடனில் ராணுவச் சேர்க்கையின்போது உளவியலாளர்கள் நேரில் மதிப்பிட்ட தரவில், மூத்த ஆண்கள் மனத்திடத்திலும் பொறுப்பேற்பதிலும் சற்று மேலே இருந்தார்கள். மேலாளர் பதவிகளுக்கு அதிகம் போனார்கள். பின்னால் பிறந்தவர்கள் சொந்தத் தொழில் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். தானே நிரப்பிய வினாத்தாளுக்கும் வெளியாள் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு காரணமாக இருக்கலாம். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்படியானால் நம் வீட்டில் அண்ணன் அண்ணன் மாதிரியே நடந்துகொள்வது ஏன்? வீட்டுக்குள் அவனுக்கு ஒரு வேஷம் இருக்கிறது. தாத்தா பெயர் அவனுக்கு. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பவன் அவன். அம்மாவுக்கு வைக்கும் பொறுப்பு கடைசி மகனுடையது. தங்கச்சி கல்யாணத்தில் வாசலில் நின்று வரவேற்பவனும் அண்ணனே. உடன்பிறந்தவர்களையே ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்னால் வரிசை விளைவு பளிச்சென்று தெரியும். அலுவலகத்திலோ கல்லூரி விடுதியிலோ அவனைப் பார்க்கும் அந்நியரிடம் கேட்டால் காணாமல் போகும். நாற்பது வயதுக் கடைக்குட்டி தன் அலுவலகத்தில் முப்பது பேரை மிரட்டி வேலை வாங்கிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் கரும்பை உரித்துத் தர அக்காவைத் தேடுவது இதனால்தான்.

வீட்டில் மாற்றக்கூடியவை

இரண்டாவது பிள்ளைக்கு என்று தினம் 20 நிமிடம் தனியே வேண்டும். மூத்தது பள்ளிக்கோ டியூஷனுக்கோ போயிருக்கும் நேரம் சௌகரியம். கதை கேட்பது, கடைக்குக் கூட்டிப்போவது, கீரை ஆயும்போது பேச்சுக் கொடுப்பது, எதுவானாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது கணக்கில் சேராது. ஆச்சி, தாத்தா வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் தவறுவது எங்கேயென்றால், மூத்ததின் பொதுத்தேர்வு வருடத்தில் இளையதை ஒரு வருடம் முழுக்க மறந்துவிடுவதில்.

கடைக்குட்டிக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை, சித்தி மகள், யாராவது இரண்டு வகுப்பு கீழே படிப்பவர் போதும். கூட்டல் கழித்தலைச் சொல்லிக்கொடுக்கும்போது எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் அதற்கே புரியவில்லை என்று பொருள்.

மூத்த பெண்ணுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தால், அது எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சோறு ஊட்டியது, தூங்க வைத்தது, குழாயடியில் நின்றது எல்லாவற்றையும் சேர்த்து. நாளுக்கு இரண்டு மணியைத் தாண்டினால் அவள் படிக்கும் நேரத்திலிருந்துதான் போகிறது. "அக்காவுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்று பாராட்டும் குரல் அந்த மணிகளை மறைத்துவிடும்.

எட்டாம் வகுப்போடு நின்ற அக்காமாருக்குக் கதவு பூட்டப்படவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்த யாரும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், மேல்வரம்பு கிடையாது. ஐந்து பாடம் தேறினால் போதும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை வாய்ப்பு. முதல் தவணைக்குத் தமிழோடு இன்னொரு பாடம் மட்டும் எடுப்பது நல்லது. ஐந்தையும் ஒன்றாக எடுத்து, முதல் தடவையே இரண்டில் விட்டுவிட்டால் பெரும்பாலானவர்கள் திரும்ப வருவதில்லை.